யாருமில்லாத பாலையில் இருந்தவர்கள்

ஆஸ்திரேலியாவுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போய் வந்த நண்பர்கள் நம்மில் பலர் உண்டு. அவர்கள் பார்த்திருப்பது பெரும்பாலும் கடற்கரையோர நகரங்களைத்தான். சிட்னி, மெல்போர்ன், அடிலெய்டு, பெர்த் எல்லாமே கடலை ஒட்டியவை. அங்கிருந்து உள்ளே போகப் போக கோதுமை வயல்களும் ஆட்டுப் பண்ணைகளும் வரும். அவற்றையும் தாண்டினால் செம்மண், குட்டை மரங்கள், முட்புல், வறண்ட உப்பு ஏரிகள். நாள் முழுக்க வண்டி ஓட்டினாலும் எதிரே ஒரு வண்டி வராது. அந்த நாட்டு மக்கள் இதை 'அவுட்பேக்' என்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு இந்தப் பாலைக்கு ஆயிரக்கணக்கான படைவீரர்கள் வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். ஆஸ்திரேலியர்களும் ஆங்கிலேயர்களும் அதில் இருந்தார்கள். சாலை போட்டார்கள், ஓடுதளம் அமைத்தார்கள், சமைத்தார்கள், வண்டி ஓட்டினார்கள், காவல் நின்றார்கள். ஏன் வந்தோம் என்று பலருக்கு வந்து சேரும்வரை தெரியாது. தெரிந்த பிறகு வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அவர்களுடைய நினைவுகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அரசாங்கக் கோப்புகள் மறைத்த ஒரு வரலாற்றை அந்த நினைவுகள்தான் நமக்குக் காப்பாற்றிக் கொடுத்திருக்கின்றன.

பிரிட்டனுக்கு ஏன் இந்தப் பாலை?

போர்க்காலத்தில் அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்துதான் அணுகுண்டு ஆராய்ச்சி செய்தன. போர் முடிந்ததும் அமெரிக்கா கதவைச் சாத்திவிட்டது. அணு ரகசியங்களை எந்த நாட்டுக்கும் தரக் கூடாது என்று 1946-ல் மெக்மேகன் சட்டம் கொண்டுவந்தது. பிரிட்டன் தானே குண்டு செய்வது என்று முடிவெடுத்தது. செய்துவிடலாம், வெடித்துப் பார்ப்பது எங்கே? பிரிட்டன் சின்னத் தீவு. மக்கள் நெருக்கமாக வாழும் நாடு.

1950 செப்டம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் அட்லி, ஆஸ்திரேலியப் பிரதமர் மென்சிஸிடம் இடம் கேட்டார். மென்சிஸ் தம் அமைச்சரவையைக்கூடக் கலந்து பேசாமல் உடனே சம்மதம் சொன்னார். 1952 அக்டோபர் 3 அன்று ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் உள்ள மான்டி பெல்லோ தீவுகளில் பிரிட்டனின் முதல் அணுகுண்டு வெடித்தது. அடுத்த சோதனைகளை நிலப்பரப்பிலேயே நடத்துவது என்று தீர்மானமாயிற்று.

அதற்கு முன்பே 1947-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் வூமெரா என்ற இடத்தில் ஏவுகணைச் சோதனைத் தளம் தொடங்கியிருந்தார்கள். வூமெரா என்பது அந்நாட்டுப் பழங்குடிகள் ஈட்டியை விசையோடு எறியப் பயன்படுத்தும் மரக்கருவியின் பெயர். அந்தத் தளத்தின் எல்லை உச்சத்தில் இருந்தபோது நம் தமிழ்நாட்டைப் போல் இரண்டு மடங்கு. 'அங்கே யாரும் இல்லை' என்று சொல்லித்தான் இவ்வளவு நிலத்தையும் வளைத்தார்கள்.

நட்சத்திரம் பார்த்துச் சாலை போட்டவர்

அந்தப் பாலைக்கு வழி அமைத்தவர் லென் பீடல். 1923-ல் பிறந்தவர். போரின்போது ராணுவ நில அளவைப் பிரிவில் சேர்ந்து நியூ கினியில் பணியாற்றியவர். 1947-ல் வூமெராவின் முதல் அளவைப் பணிக்கு வந்தவர், பிறகு பல ஆண்டுகளைப் பாலையிலேயே கழித்தார். 1963-க்குள் அவரும் அவருடைய சிறிய குழுவும் 6,000 கிலோமீட்டருக்கு மேல் மண்சாலை போட்டார்கள்.

குழு என்றால் பெரிய பட்டாளம் இல்லை. ஒரு புல்டோசர், ஒரு கிரேடர், இரண்டு மூன்று லாரிகள், ஒரு லேண்ட் ரோவர், அரை டஜன் ஆட்கள், அதில் ஒருவர் சமையல்காரர். பீடல் முதலில் தனியாக லேண்ட் ரோவரில் புதர்களுக்குள் புகுந்து பல நாள் முன்னால் போவார். மல்கா என்ற குட்டை மரத்தின் முறிந்த கிளைகள் டயரைக் குத்திக் கிழிக்கும். ஒரே நாளில் பலமுறை பஞ்சர் ஒட்ட வேண்டியிருக்கும். இரவானதும் தியோடலைட் கருவியை நிறுத்தி நட்சத்திரங்களை அளப்பார். ரேடியோவில் வரும் நேரக் குறிப்பை வைத்துக் கணக்குப் போட்டால் தாம் பூமியில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். இன்று கைப்பேசி ஒரு நொடியில் சொல்வதை அவர் ராத்திரி முழுக்க விழித்திருந்து கண்டுபிடித்தார்.

வழி முடிவானதும் திரும்பி வந்து குழுவைக் கூட்டிப் போவார். புல்டோசர் ஓட்டுநருக்குப் புதருக்குள் எதிரே எதுவும் தெரியாது. பீடல் சில கிலோமீட்டர் முன்னால் போய், வண்டியின் கூரைமீது ஏறி நின்று, முகம் பார்க்கும் கண்ணாடியால் சூரிய ஒளியைத் திருப்பிக் காட்டுவார். அந்த மின்னலைக் குறிவைத்து புல்டோசர் நேராக வரும். பின்னால் கிரேடர் சமன்படுத்திக்கொண்டே வரும். சாலை துப்பாக்கிக் குழல்போல நேராக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதனால்தான் 1955 முதல் 1958 வரை போட்ட சாலைக்கு 'கன்பேரல் ஹைவே' என்று பெயர் வந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்புகிற தூரம். ஆனால் வழியில் ஒரு டீக்கடை கிடையாது.

திருமணமாகிக் குழந்தைகள் பிறந்ததும் அவர்கள் பெயரையே சாலைகளுக்கு வைத்தார். மனைவி ஆன் பெயரில் ஒன்று, மகள் கோனி சூ பெயரில் ஒன்று, மகன் கேரி பெயரில் ஒன்று. சந்திப்புகளில் அலுமினியத் தகட்டில் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி எல்லாவற்றையும் எழுத்து எழுத்தாகத் தட்டிப் பொறித்து, மரத்திலோ கம்பத்திலோ அறைந்துவிட்டுப் போவார். பல்வலி வந்த ஆளுக்குப் பல் பிடுங்கும் வேலையும் அவருடையதுதான். பக்கத்து ஆஸ்பத்திரி பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது வேறு என்ன செய்வது?

இந்த அனுபவங்களைப் பின்னாளில் அவர் சிரிக்கச் சிரிக்கப் புத்தகங்களாக எழுதினார். தாமே கார்ட்டூனும் வரைந்தார். ஆஸ்திரேலியாவில் அவை இன்றும் விரும்பிப் படிக்கப்படுகின்றன. அந்த நகைச்சுவைக்கு நடுவே ஓரிடத்தில் நாம் நின்றுவிடுகிறோம். அணுகுண்டுச் சோதனைக்குப் புதிய இடம் தேடிப் புதருக்குள் அலைந்தபோது, மெல்லிய கற்பலகைகளை வரிசையாக நிலத்தில் நட்டு வைத்திருந்ததைக் கண்டதாக எழுதுகிறார். பழங்குடி மக்கள் என்றோ சடங்குக்காக அமைத்த இடம் என்று அவருக்குப் புரிகிறது. வியந்து பார்க்கிறார், பிறகு வேலையைத் தொடர்கிறார். நிலத்தில் யாரும் இல்லை என்று மேலிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதே, அளக்கப் போனவரின் கண்ணில் மனிதர் வாழ்ந்த அடையாளம் பட்டுவிட்டது.

ஈமு களம், 1953

பீடல் தேர்ந்தெடுத்த முதல் இடத்துக்கு 'ஈமு ஃபீல்ட்' என்று பெயர். ஈமு என்றதும் நம் கொங்கு நாட்டு வாசகர்களுக்கு வேறு கசப்பான நினைவு வரும், அதை விட்டுவிடுவோம். அங்கே இறுகிய களிமண் தரை ஒன்று இயற்கையாகவே ஓடுதளம்போல இருந்தது. 1953 அக்டோபரில் இங்கே இரண்டு குண்டுகள் வெடிக்கப்பட்டன.

முதல் குண்டுக்குச் சுமார் 460 மீட்டர் தள்ளி ஒரு செஞ்சூரியன் டாங்கியை என்ஜின் ஓடும் நிலையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். குண்டு வெடித்த பிறகு போய்ப் பார்த்தால் டாங்கி இருந்த இடத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளப்பட்டிருந்ததே தவிர உடையவில்லை. அதை ஓட்டிக்கொண்டே வெளியே வந்தார்கள். அதே டாங்கி பிறகு வியட்நாம் போரிலும் பணியாற்றியது. ஆஸ்திரேலிய ராணுவத்தில் இன்றும் பெருமையாகச் சொல்லப்படும் கதை இது. இரும்பு தாங்கியது சரி. அதைத் தொட்டுக் கழுவி ஓட்டி வந்த மனிதர்களைப் பற்றி அப்போது யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

ஆஸ்திரேலிய விமானப்படையின் லிங்கன் விமானங்கள் அந்தக் குண்டின் புகைமேகத்துக்குள் புகுந்து மாதிரி எடுத்து வந்தன. விமானிகளுக்குக் கதிர்வீச்சை அளக்கும் பட்டைகூடத் தரப்படவில்லை. விமானம் தளத்துக்குத் திரும்பிய பிறகு, தரைப்பணியாளர்கள் சாதாரண உடையிலேயே அதைத் தொட்டு வேலை செய்தார்கள். விமானத்தில் கதிரியக்கம் ஒட்டியிருப்பது அதற்குப் பிறகுதான் தெரியவந்தது.

அந்த மேகம் வடகிழக்கே நகர்ந்தது. வல்லாட்டின்னா என்ற இடத்தில் முகாமிட்டிருந்த பழங்குடிக் குடும்பங்கள்மீது கறுத்த, எண்ணெய்ப்பசை கொண்ட மூடுபனி ஒன்று தரையோடு உருண்டு வந்ததாகச் சொன்னார்கள். பலருக்கு வாந்தி, கண் எரிச்சல், தோலில் புண். அங்கே சிறுவனாக இருந்த யாமி லெஸ்டர் பிறகு பார்வையை முழுதாக இழந்தார். வளர்ந்ததும் தம் மக்களின் தலைவராகி, 2017-ல் காலமாகும்வரை நீதி கேட்டுப் போராடினார். காற்றின் நிலை சரியில்லாத நேரத்தில் அந்தக் குண்டு வெடிக்கப்பட்டது என்று பின்னாளில் வந்த விசாரணை ஆணையமும் ஒப்புக்கொண்டது.

மரலிங்கா என்ற ஆண்கள் நகரம்

ஈமு களம் மிகத் தொலைவில் இருந்தது. தண்ணீர் உட்பட எல்லாவற்றையும் கொண்டுசெல்வது பெரும்பாடு. ரயில் பாதைக்குப் பக்கத்தில் நிரந்தரமான இடம் வேண்டும் என்றார்கள். பீடல் மீண்டும் புறப்பட்டு, தெற்கே சுமார் 200 கிலோமீட்டரில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். அதற்கு மரலிங்கா என்று பெயர் வைத்தார்கள். 'இடி' என்று பொருள்படும் பழங்குடிச் சொல். வேடிக்கை என்னவென்றால் அது அந்த வட்டாரத்து மொழியே இல்லை. ஆஸ்திரேலியாவின் வடகோடியில் வழங்கிய வேறொரு மொழியிலிருந்து எடுத்து வந்த சொல். பெயர் வைப்பதற்குக்கூட அந்த மண்ணின் மக்களைக் கேட்கவில்லை.

அடிலெய்டிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 800 கிலோமீட்டர். பக்கத்து ரயில் நிறுத்தம் வாட்சன். அந்தப் பாதையில் ஓரிடத்தில் 478 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாமல் தண்டவாளம் நேராகப் போகிறது. உலகிலேயே மிக நீளமான நேர்ப்பாதை இதுதான். வீரர்கள் ரயிலில் வந்து இறங்கிச் செம்மண் புழுதியில் லாரியில் போய்ச் சேருவார்கள்.

மரலிங்காவில் ஓடுதளம், மருத்துவமனை, தபால் நிலையம், தேவாலயம், திரைப்பட அரங்கு, நீச்சல் குளம் எல்லாம் கட்டினார்கள். பெண்களுக்கு மட்டும் அனுமதி இல்லை. கோடையில் வெயில் 45 டிகிரியைத் தொடும். குளிர்கால இரவுகளில் பல் கிட்டிக்கும். ஈக்களின் தொல்லை சொல்லி மாளாது. முகத்தில் மொய்க்கும் ஈயை ஓட்டக் கை வீசிக்கொண்டே இருப்பதை 'ஆஸ்திரேலிய சல்யூட்' என்று கேலியாகச் சொல்வார்கள். சோறு, துணி, படுக்கை எதிலும் புழுதி. மாலையில் கேன்டீனில் பீர், வாரத்தில் சில நாள் சினிமா, ஓய்வு நாளில் கால்பந்து. வீட்டுக் கடிதம் வந்தால் அன்றைக்குத் திருநாள். எல்லைப் பகுதிகளில் பணிபுரிந்த நம் ஊர் ஓய்வு பெற்ற ராணுவத்தினருக்கு இந்த வாழ்க்கையை நான் விளக்க வேண்டியதில்லை. கடிதத்தில் என்ன எழுதலாம், என்ன எழுதக் கூடாது என்ற கட்டுப்பாடும் அவர்களுக்குப் பழக்கமானதுதான்.

1956 செப்டம்பர் 27 அன்று மரலிங்காவில் முதல் குண்டு வெடித்தது. அந்த ஆண்டு நான்கு, அடுத்த ஆண்டு மூன்று, ஆக ஏழு பெரிய குண்டுகள். சில கோபுரத்தின்மேல் வெடித்தன, ஒன்று தரையில், ஒன்று விமானத்திலிருந்து போடப்பட்டது, கடைசியானது பலூனில் தொங்கவிடப்பட்டது.

வீரர்கள் சில கிலோமீட்டர் தள்ளி வரிசையாக நிற்பார்கள். ஒலிபெருக்கியில் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வரும். குண்டு இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டி, கண்ணை இறுக மூடி, மேலே கைகளையும் வைத்துப் பொத்திக்கொள்ள வேண்டும். மூடிய கண்ணுக்குள்ளேயே தங்கள் விரல் எலும்புகள் தெரிந்ததாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். முதுகில் அடுப்பைத் திறந்ததுபோல வெப்பம். பிறகு 'திரும்புங்கள்' என்ற உத்தரவு வரும். திரும்பினால் வானத்தில் காளான் மேகம் எழுந்துகொண்டிருக்கும். அதன் பிறகுதான் சத்தமும் அதிர்ச்சிக் காற்றும் வந்து சேரும்.

பாதுகாப்பு உடை அணிந்த விஞ்ஞானிகள் ஒரு பக்கம், அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக வண்டி ஓட்டியவர்கள் இன்னொரு பக்கம். இந்தக் காட்சியும் பல வீரர்களின் நினைவில் திரும்பத் திரும்ப வருகிறது. சில ராணுவத்தினருக்கு வெவ்வேறு வகை உடைகளை உடுத்தி, குண்டு வெடித்த பகுதியில் நடக்கவும் தவழவும் வைத்தார்கள். எந்தத் துணியில் எவ்வளவு கதிரியக்கத் தூசி ஒட்டுகிறது என்று பார்க்கவாம். பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் இதை 2001-ல்தான் ஒப்புக்கொண்டது.

பள்ளத்தருகே ஒரு குடும்பம்

மரலிங்காவுக்குத் தெற்கே ரயில் பாதை ஓரத்தில் ஊல்டியா என்ற நீரூற்று இருக்கிறது. தண்ணீரே இல்லாத பாலையில் வற்றாத ஊற்று என்றால் அதன் மதிப்பைச் சொல்ல வேண்டுமா? நாலா திசையிலிருந்தும் பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாக அங்கே கூடுவார்கள். அங்கே இருந்த கிறித்தவ மிஷன் 1952-ல் மூடப்பட்டு, மக்கள் தெற்கே யலாட்டாவுக்கு அனுப்பப்பட்டார்கள். வடக்கே பாலைக்குள் இருந்த எல்லாக் குடும்பங்களுக்கும் இந்தச் செய்தி எட்டவில்லை.

1957 மே மாதம், வடக்கிலிருந்து ஊல்டியாவை நோக்கி நடந்து வந்த ஒரு குடும்பம், முந்தைய ஆண்டு மார்கூ என்ற குண்டு தரையில் வெடித்து உண்டாக்கிய பள்ளத்தருகே தங்கியிருந்ததை வீரர்கள் கண்டார்கள். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், நாய்கள். மனைவி கர்ப்பிணி. வீரர்கள் அவர்களை அழைத்துப் போய், மொழி புரியாத அந்த மக்களைக் குளியலறையில் நிறுத்திக் கழுவினார்கள். பிறகு வண்டியில் ஏற்றி யலாட்டாவுக்கு அனுப்பினார்கள். வேட்டைக்கும் இரவுக் குளிருக்கும் துணையாக இருந்த நாய்களைச் சுட்டுவிட்டார்கள். அந்தத் தாய்க்குப் பிறந்த குழந்தை உயிரோடு இல்லை.

எச்சரிக்கைப் பலகைகள் இருந்தனவே என்று பின்னாளில் அதிகாரிகள் சொன்னார்கள். இருந்தன, ஆங்கிலத்தில். வழிவழியாக நட்சத்திரத்தையும் மண்ணையும் படித்து நடந்தவர்கள் அந்த எழுத்தை எப்படிப் படிப்பார்கள்?

இதைப் பார்த்த வீரர்களை வரிசையில் நிறுத்தி, நீங்கள் எதையும் பார்க்கவில்லை, வாய் திறந்தால் கடும் தண்டனை என்று எச்சரித்ததாக அவர்களில் ஒருவர் பிற்காலத்தில் சாட்சியம் சொன்னார். பெற்றோரும் பிள்ளைகளுமாக ஒரு குடும்பம் நின்ற காட்சியை அந்த மனிதர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மனத்துக்குள்ளேயே வைத்திருந்தார்.

உள்ளே இருந்துகொண்டே எதிர்த்தவரும் உண்டு. வால்டர் மக்டூகல் என்பவர் பழங்குடி மக்களைக் கண்காணிக்கும் ரோந்து அதிகாரியாக நியமிக்கப்பட்டவர். அவருடைய பொறுப்பில் இருந்த பரப்பு பத்து லட்சம் சதுர கிலோமீட்டர் அளவு. அதாவது நம் தென்மாநிலங்கள் அனைத்தையும் சேர்த்தாலும் அதைவிடச் சிறியது. அதற்கு ஆரம்பத்தில் ஒரே ஓர் ஆள். அங்கே மக்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஆபத்து என்று அவர் எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு கைப்பிடிப் பழங்குடிகளுக்காகப் பேரரசின் நலனைப் பின்னுக்குத் தள்ளுகிறார் என்று மேலிடத்தில் அவரைக் கடிந்துகொண்டார்கள்.

மண்ணுக்குள் புதைத்ததும் மனத்துக்குள் புதைத்ததும்

பெரிய குண்டுகள் 1957-ல் முடிந்தன. உண்மையான கேடு அதற்குப் பிறகுதான் வந்தது. 'சிறு சோதனைகள்' என்ற பெயரில் 1963 வரை நூற்றுக்கணக்கான பரிசோதனைகள் நடந்தன. அவற்றில் ஒரு வகையில், அணுவெடிப்பு நிகழாமல், சாதாரண வெடிமருந்தால் புளூட்டோனியத்தைச் சிதறடித்தார்கள். தரனாக்கி என்ற இடத்தில் மட்டும் சுமார் 22 கிலோ புளூட்டோனியம் பொடியாகக் காற்றில் பரவி மண்ணில் படிந்தது. புளூட்டோனியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே 24,000 ஆண்டுகள் ஆகும். மூச்சில் போனால் நுரையீரலில் தங்கிவிடும்.

1967-ல் பிரிட்டிஷார் 'சுத்தம் செய்கிறோம்' என்று வந்தார்கள். பல இடங்களில் நச்சு மண்ணை உழுது கீழ் மண்ணோடு கலந்துவிட்டுப் போனார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று அறிக்கையும் தந்தார்கள். ஆஸ்திரேலிய அரசு அதை ஏற்றுக்கொண்டு விஷயத்தை மூடியது.

மூடிய கதவைத் திறந்தது ஒரு சாதாரண விமானப்படை வீரரின் வாய். ஏவன் ஹட்சன் என்பவர் 1960-களின் தொடக்கத்தில் மரலிங்காவில் பணிபுரிந்தவர். புளூட்டோனியம் சிதறடிக்கப்பட்டதையும் கழிவுகள் புதைக்கப்பட்டதையும் அறிந்தவர். ரகசியக் காப்புச் சட்டம் இருக்கிறது, சிறைக்குப் போக நேரலாம் என்று தெரிந்தும் 1976-ல் அவர் ஊடகங்களுக்கு முன் வந்து சொன்னார். நண்பர்களும் அண்டை வீட்டாரும் ஒதுக்கினாலும் அவர் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு 1979-ல் பிரிட்டன் வந்து, புதைத்திருந்ததில் மீட்க முடிந்த அரை கிலோ புளூட்டோனியத்தை எடுத்துச் சென்றது. 1984-ல் ஆஸ்திரேலியக் கதிர்வீச்சு ஆய்வகம் நேரில் போய் அளந்தபோது, பழைய அறிக்கையில் இருந்ததைவிட மிக அதிகமாக மண் கெட்டிருப்பது தெரிந்தது.

அதே 1984-ல் நீதிபதி ஜேம்ஸ் மெக்லெலண்ட் தலைமையில் ராயல் கமிஷன் அமைக்கப்பட்டது. அது நகரத்து அலுவலகத்தில் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. லண்டனுக்கும் போனது, பாலைக்குள் போய் மண்ணில் அமர்ந்து பழங்குடிகளின் சாட்சியத்தையும் கேட்டது. சமையல்காரர்கள், ஓட்டுநர்கள், விமானம் கழுவியவர்கள், காவல் நின்றவர்கள் என்று முன்னாள் வீரர்கள் வந்து தங்கள் நினைவைச் சொன்னார்கள். பழங்குடிகளைப் பாதுகாக்க எடுத்த நடவடிக்கைகளில் அறியாமையும் திறமையின்மையும் அலட்சியமுமே தெரிகின்றன என்று 1985-ல் வந்த அறிக்கை கடுமையாகச் சொன்னது.

நிலத்தைச் சீர்படுத்தும் பெரும்பணி 2000-ல் முடிந்தது. அதற்கு ஆன செலவு சுமார் 10 கோடியே 80 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். பிரிட்டன் தன் பங்காக 2 கோடி பவுண்டு தந்தது. பழங்குடி மக்களுக்கு 1994-ல் 1 கோடியே 35 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது.

வீரர்களுக்குக் கிடைத்தது என்ன?

இந்தச் சோதனைகளில் சுமார் 16,000 ஆஸ்திரேலியர்கள் பணியாற்றியிருக்கிறார்கள். நோய் வந்து அரசிடம் போனவர்களிடம் 'எவ்வளவு கதிர்வீச்சு பட்டது, ஆதாரம் காட்டு' என்றார்கள். அளக்கும் பட்டையே தராமல் அனுப்பிவிட்டு ஆதாரம் கேட்டால் எங்கே போவது?

2006-ல் வெளியான அரசு ஆய்வு, இதில் பங்கேற்றவர்களிடையே புற்றுநோய் பொதுமக்களைவிட 23 விழுக்காடு அதிகம் என்றும், புற்றுநோய் மரணம் 18 விழுக்காடு அதிகம் என்றும் கண்டது. அதே ஆய்வு, இதற்கும் கதிர்வீச்சுக்கும் தொடர்பு நிரூபணமாகவில்லை என்றும் சொல்லிவிட்டது. நேர்மையாகச் சொன்னால் இரண்டையும் சேர்த்தேதான் படிக்க வேண்டும். அளவுகள் சரியாகப் பதிவாகாத இடத்தில் எதையும் நிரூபிப்பது கடினம். அந்த ஆண்டே சட்டம் இயற்றி, பங்கேற்ற எல்லோருக்கும் புற்றுநோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம் என்றார்கள். எல்லா நோய்க்கும் சிகிச்சை பெற உதவும் 'தங்க அட்டை' 2017-ல்தான் அறிவிக்கப்பட்டது. பிரிட்டன் தன் வீரர்களுக்கு ஒரு பதக்கத்தை அறிவித்தது 2022 நவம்பரில், முதல் குண்டு வெடித்து 70 ஆண்டுகள் ஆன பிறகு. இருபது வயதில் போனவருக்குத் தொண்ணூறு வயது. எத்தனை பேர் அதை வாங்கக் கையை நீட்டியிருக்க முடியும்?

இன்று அந்த நிலம் பெரும்பாலும் மரலிங்கா ஜாருஜா என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் கையில் திரும்ப வந்திருக்கிறது. அவர்களே சுற்றுலாப் பயணிகளை அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள். ஒவ்வொரு குண்டு வெடித்த இடத்திலும் ஒரு கான்கிரீட் தூண் நிற்கிறது. வெப்பத்தில் மணல் உருகிக் கண்ணாடியாகிக் கிடக்கும் துண்டுகளை இன்றும் பார்க்கலாம். வேட்டையாடப் போகலாம், ஆனால் சில பகுதிகளில் நிரந்தரமாகக் குடியிருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது.

நம் முன்னோர் நிலத்தை ஐந்து திணைகளாகப் பிரித்தபோது பாலையை வெற்றிடமாக விடவில்லை. அதற்கும் எயினர், மறவர் என்று மக்களைச் சொன்னார்கள், தெய்வத்தைச் சொன்னார்கள், பறையையும் பண்ணையும்கூடச் சொன்னார்கள். தண்ணீர் இல்லாத நிலம் உண்டு, மனிதர் இல்லாத நிலம் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. லண்டனிலும் கான்பெராவிலும் வரைபடத்தின்முன் உட்கார்ந்தவர்களுக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிய வேண்டும் என்று தோன்றவில்லை. அங்கே போய் வேலை செய்த சிப்பாய்க்கு மட்டும் தெரிந்துவிட்டது. கல்வரிசையைப் பார்த்தவர் ஒருவர், பள்ளத்தருகே குடும்பத்தைப் பார்த்தவர் ஒருவர், புதைத்ததைப் பார்த்தவர் ஒருவர். அவர்கள் யாரும் வரலாற்று ஆசிரியர்கள் இல்லை. பார்த்ததை மறக்காமல் வைத்திருந்தார்கள், நேரம் வந்தபோது சொன்னார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் ராணுவம், ரயில்வே, தந்தி, மின்வாரியம், நெடுஞ்சாலை என்று தொலைதூர இடங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் பலர் இருக்கிறீர்கள். 'நாம் என்ன பெரிதாகச் செய்துவிட்டோம், எழுதுவதற்கு' என்று சொல்வீர்கள். ஒரு பழைய டைரியாவது வாங்கி, எந்த ஆண்டு, எந்த ஊர், யார் இருந்தார்கள், என்ன பார்த்தோம் என்று எழுதி வையுங்கள். என்றோ ஒரு நாள் யாரோ ஒருவர் 'அங்கே அப்போது யாரும் இல்லை' என்று சொல்லக்கூடும். இருந்தார்கள் என்று சொல்ல உங்கள் டைரி இருக்கட்டும்.